கட்டுக்கம்பி, கிழிந்த வேட்டி, நூறு கிராம் செம்பு: பாரடேயின் வளையம்

பானை உருளாமல் இருக்க அடியில் வைக்கும் பிரிமணையைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே வைக்கோல் பிரி ஒன்று வளையமாகக் கிடக்கும். அதன்மேல் இன்னொரு பிரி துளைக்குள் புகுந்து, வெளியே வந்து, மறுபடி துளைக்குள் புகுந்து, வளையம் முழுக்கச் சுற்றி வந்திருக்கும். இந்த அத்தியாயத்தில் நாம் செய்யப்போவதும் பிரிமணைதான். உள்ளே வைக்கோலுக்குப் பதில் இரும்பு, மேலே செம்பு. கணக்குப் புத்தகத்தில் இந்த வடிவத்துக்கு டோரஸ் என்று பெயர். வைண்டிங் கடையில் ரிங் கோர் என்றால் புரிந்துகொள்வார்கள். உளுந்து வடை என்றால் எல்லோருக்கும் புரியும்.

அளவுகள் என்னுடையவை அல்ல. 1831 ஆகஸ்ட் 29 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மைக்கேல் பாரடே தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தவை. மெல்லிரும்பில் உருண்டைத் தண்டு, கனம் முக்காலே அரைக்கால் அங்குலம். வளையத்தின் வெளிவிட்டம் 6 அங்குலம். ஒரு பாதியில் தலா 24 அடி நீளத்தில் மூன்று துண்டு செம்புக்கம்பி; அதற்கு ‘ஏ’ பக்கம் என்று பெயர் வைத்தார். எதிர்ப்பாதி ‘பி’ பக்கம். அங்கே இரண்டு துண்டாக மொத்தம் ஏறத்தாழ 60 அடி. எனாமல் பூசிய கம்பி கடையில் கிடைக்காத காலம் அது. அதனால் கம்பிகள் ஒன்றையொன்று தொடாமல் பிரித்து வைக்கச் சரடும் காலிகோ துணியும் கொடுத்தார். காலிகோ என்ற பெயரே நம் பக்கத்துக் கோழிக்கோட்டிலிருந்து போனதுதான். ‘ஏ’ பக்கத்தில் பேட்டரியை இணைத்ததும், ‘பி’ பக்கத்துக் கம்பியை 3 அடி தள்ளிக் கொண்டுபோய் வைத்திருந்த இடத்தில் காந்த ஊசி துள்ளியது. ஆடி அடங்கிப் பழைய இடத்துக்கே வந்து நின்றது. பேட்டரியைக் கழற்றியதும் மறுபடி துள்ளியது. இன்று தெருமுனையில் உறுமிக்கொண்டு நிற்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கு இந்த வளையம்தான் பாட்டன்.

சின்னதாகச் செய்தால் சுலபம் என்று தோன்றும். செய்யாதீர்கள். சுற்றுகிற வேலையில் ஒவ்வொரு சுற்றுக்கும் கையும் கம்பியும் துளைக்குள் போய்வர வேண்டும். 11 செ.மீ. துளையில் கை தாராளமாகப் போகும். 3 செ.மீ. துளையில் முந்நூறு முறை நுழைத்துப் பார்த்தவர்கள் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள்.

இரும்பு வளையம்

தண்டை வளைத்து முனைகளைப் பற்றவைப்பதற்குப் பட்டறை வேண்டும். நமக்கு அது தேவையில்லை. கட்டட வேலையில் கம்பி கட்ட வைத்திருக்கும் கறுப்புக் கட்டுக்கம்பி, 20 கேஜ், 1 கிலோ போதும். அது ஏறத்தாழ 200 மீட்டர் நீளம் வரும். பளபளவென்று துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி வேண்டாம். கட்டுக்கம்பி சூடேற்றி மெதுவாக ஆறவிட்டது. அதனால்தான் கறுப்பாகவும் இளக்கமாகவும் இருக்கிறது. கடையிலேயே ஒரு முனையை மடக்கிப் பாருங்கள். மடங்கிய இடத்திலேயே நின்றால் வாங்கலாம். எகிறி நிமிர்ந்தால் வேண்டாம். இரும்பில், கைக்கு இளக்கமானது பெரும்பாலும் காந்தத்துக்கும் இளக்கமாகவே இருக்கும்.

கம்பிக்கட்டாகச் செய்வதில் இன்னொரு லாபமும் உண்டு. முழு இரும்பாக இருந்தால் காந்தம் ஏறி இறங்கும்போதெல்லாம் இரும்பின் உடம்புக்குள்ளேயே மின்னோட்டம் சுழலும். வேலைக்கு உதவாத வீண் ஓட்டம். நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகளாகப் பிரித்துவிட்டால் அது பெரும்பாலும் அடங்கிவிடும்.

அச்சுக்கு, நாலு இஞ்ச் பைப் என்று கடையில் கேட்டால் கிடைக்கும் 110 மி.மீ. பிவிசி குழாயில் ஒரு சாண் துண்டு. அதை நீளவாக்கில் ஒரே ஒரு கோடாக ஹாக்ஸாவால் அறுத்துப் பிளந்துவிடுங்கள். பிளவில் ஐஸ் குச்சி ஒன்றைச் செருகி வையுங்கள். சுற்றும்போது இறுகி உள்ளே ஒடுங்காது. சுற்றி முடித்துக் குச்சியை உருவினால் குழாய் தானே ஒடுங்கி வளையத்தை விட்டுவிடும். நான் முதன்முதலில் பிளக்காமல் சுற்றினேன். முடிவில் வளையம் வரவில்லை. குழாயைத்தான் துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டியிருந்தது.

அட்டைப்பெட்டி அட்டையில் நடுவே 110 மி.மீ. துளையிட்டு இரண்டு தட்டுகள் வெட்டிக் குழாயில் மாட்டுங்கள். இடைவெளி 20 மி.மீ. அந்த இடைவெளியில், குழாயின் மேல் குறுக்காக எட்டுத் துண்டுச் சரடுகளைச் சம தூரத்தில் படுக்க வையுங்கள். முனைகள் தட்டுகளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். பின்னால் கட்டுவதற்கு அவை வேண்டும். இப்போது கட்டுக்கம்பியின் முனையை டேப்பால் ஒட்டிச் சுற்ற ஆரம்பிக்கலாம். கம்பிச் சுருளைக் குழாயைச் சுற்றிக் கொண்டுபோகாதீர்கள், குழாயைச் சுழற்றுங்கள். சுருளை ஒரு கழியில் மாட்டி வீட்டில் யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லலாம். கம்பி முறுக்கிக்கொள்ளாமல் வரும். 20 மி.மீ. உயரம் ஏறியதும் நிறுத்துங்கள். ஏறக்குறைய 450 சுற்று இருக்கும், எண்ண வேண்டியதில்லை. ஒன்றரை மணி நேர வேலை. கை கரியாகும்.

எட்டுச் சரடுகளையும் இறுக்கிக் கட்டிவிட்டுக் குச்சியை உருவுங்கள். இங்கே ஒரு கண்டிப்பு. பக்கத்திலேயே கட்டுக்கம்பி கிடக்கிறதே என்று அதையே துண்டாக்கி, குறடு வைத்து முறுக்கிக் கட்டிவிடாதீர்கள். வளையத்தின் உடம்பைச் சுற்றி முனையோடு முனை சேர்ந்த எந்தக் கம்பியும் ஒரு சுற்றுதான். நீங்கள் ‘பி’ பக்கம் சுற்றப்போகும் சுற்றுகளில் எப்படி மின்னோட்டம் எழுகிறதோ அப்படியே அதிலும் எழும். எழுந்து, காந்தம் ஏறும் வேகத்தைப் பிடித்து இழுக்கும். சரடு, நூல், துணி, இவை மட்டும்தான் வளையத்தைத் தழுவலாம்.

வெளியே வந்த வளையத்தின் குறுக்குவெட்டு சதுரமாக இருக்கும். அதன்மேல் சரட்டைப் பிரிமணைபோல் நெருக்கிச் சுற்றிக்கொண்டே, மூலைகளைக் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டி உருட்டுங்கள். மெல்ல என்றால் மெல்ல. இரும்பை ஓங்கி அடித்தால் அது இறுகும். ஆறவைத்ததில் கிடைத்த இளக்கமெல்லாம் போகும். ஒழுங்கான வட்டமாக வராது, வரவும் வேண்டாம். கூர்மூலை இல்லாமல் இருந்தால் போதும். கனம் 22 மி.மீ.க்குப் பக்கத்தில் இருக்கும். கம்பியின் ஒரு முனையை உள்ளே மடக்கிப் புதைத்துவிடுங்கள். இன்னொரு முனை ஒரு சென்டிமீட்டர் வெளியே நிற்கட்டும். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

துணி

காலிகோவைத் தேடி அலைய வேண்டாம். பழைய வேட்டி போதும். 2 செ.மீ. அகலப் பட்டைகளாகக் கிழியுங்கள். கத்தரிக்கோலால் வெட்டினால் நேர் போகாது. ஓரத்தில் சின்ன வெட்டு கொடுத்துக் கையால் கிழித்தால் வேட்டி தன் இழையிலேயே நேராகக் கிழிந்து வரும். ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூடும்படி ஓர் அடுக்கு, அதன்மேல் எதிர்த்திசையில் இன்னோர் அடுக்கு. வைண்டிங் கடைக் காட்டன் டேப்பும் ஆகும். ஆனால் வேட்டித் துணி வளைவில் நன்றாகப் படியும் என்பது என் அனுபவம். முனையை ஊசிநூலால் இரண்டு தையல் போட்டு நிறுத்துங்கள்.

செம்பு

வைண்டிங் கடையில் எனாமல் கம்பியை எடை போட்டுத்தான் கொடுப்பார்கள்.

“அண்ணே, 22 கேஜ்ல ஒரு 50 கிராம், 26 கேஜ்ல ஒரு 50 கிராம் வேணும்.”

“என்ன மோட்டாருக்கு?”

“மோட்டார் இல்லண்ணே. வளையத்துல சுத்தணும்.”

“ஸ்டெபிலைசரா? அதுக்கு 50 கிராம் எந்த மூலைக்கு?”

விளக்கம் சொன்னால் அரை மணி நேரம் போகும். கம்பியும், அதன் முனைகளுக்கு உறையாக மாட்ட இரண்டு முழம் ஸ்லீவும் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். எரிந்த மோட்டாரிலிருந்து உருவிய பழைய கம்பியைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். அதில் எனாமல் கருகியிருக்கும், பார்த்தால் தெரியாது.

‘ஏ’ பக்கம் 22 கேஜ், 100 சுற்று. துணியோடு சேர்த்து ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8 செ.மீ. கம்பி பிடிக்கும். முனைகளுக்கும் சேர்த்து 9 மீட்டர் வெட்டிக்கொள்ளுங்கள். ‘பி’ பக்கம் 26 கேஜ், 200 சுற்று, 17 மீட்டர். பாரடேயின் 60 அடி என்பது 18 மீட்டர். நாமும் அவரை ஒட்டித்தான் போகிறோம். இரண்டும் ஒரே அடுக்கில் அடங்கிவிடும். பக்கங்கள் சேரும் இரண்டு இடங்களிலும் ஒரு விரல் இடைவெளி விடுங்கள்.

17 மீட்டர் கம்பியை ஒவ்வொரு முறையும் முழுக்கத் துளைக்குள் இழுத்து வெளியே எடுப்பது நடக்காத காரியம். தறியில் ஓடும் நாடா போல ஒன்று செய்துகொள்ளுங்கள்: 20 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலத்தில் மெல்லிய பலகைத் துண்டு, இரண்டு முனையிலும் கவைபோல் ஒரு வெட்டு. வெட்டின் ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து மழுங்கடியுங்கள். கம்பி முழுவதையும் முதலில் அதில் நீளவாக்கில் சுற்றிவிட்டு, அதையே துளைக்குள் விட்டு எடுக்க வேண்டும்.

ஆரம்ப முனையில் ஒரு சாண் விட்டு, அதற்கு ஸ்லீவ் மாட்டி, வளையத்தோடு நூலால் கட்டுங்கள். பிறகு, நாடா துளைக்குள் மேலிருந்து கீழே போகும். வெளிப்பக்கமாகச் சுற்றி மேலே வரும். மறுபடி துளைக்குள் இறங்கும். இடது கைக் கட்டைவிரல் கடைசிச் சுற்றைவிட்டு எழுந்திருக்கவே கூடாது. இழுவை கொடுப்பது விரல்களின் வேலை. நாடாவைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் கம்பி எங்காவது கண்ணி விழுந்து மடியும். மடிந்த இடத்தில் எனாமல் வெடிக்கும். கண்ணி விழுந்தால் இறுக்குவதற்கு முன்பே நிறுத்தி விரலால் பிரித்துவிடுங்கள்.

துளைப்பக்கம் சுற்றுகள் தோளோடு தோள் உரசி நிற்கும். வெளிப்பக்கம் விசிறிபோல் விரிந்து இடைவெளி தெரியும். அது பிழையில்லை. உள்சுற்றளவு சிறியது, வெளிச்சுற்றளவு பெரியது, அவ்வளவுதான். வெளிப்பக்கத்தை நெருக்கப் பார்த்தால் உள்ளே ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அதனால் ஒழுங்கைத் துளைக்குள் பாருங்கள். எண்ணுவதையும் துளைக்குள்ளேயே எண்ணுங்கள். கம்பி துளையைக் கடந்தால் ஒன்று. வளைந்து போனாலும் நேராகப் போனாலும் ஒன்றுதான். பத்துக்கு ஒரு முறை காகிதத்தில் ஒரு கோடு கிழியுங்கள். எண்ணும்போது போன் எடுக்காதீர்கள்.

இரண்டு பக்கமும் முடிந்ததும் முனைகளின் எனாமலை உப்புத்தாளால் இரண்டு செ.மீ. அளவுக்குச் சுரண்டுங்கள். செம்பு இளஞ்சிவப்பாகப் பளிச்சென்று தெரிய வேண்டும். பாதி சுரண்டிய முனைதான் முக்கால்வாசித் தோல்விகளுக்குக் காரணம். மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்துப் பாருங்கள்: ‘ஏ’யின் இரு முனைகளுக்கு இடையே பீப் வர வேண்டும், ‘பி’யிலும் வர வேண்டும், ‘ஏ’க்கும் ‘பி’க்கும் இடையே வரக் கூடாது. வெளியே விட்ட இரும்பு முனை இதற்காகத்தான். அதற்கும் இரண்டு சுருளுக்கும் இடையே பீப் வந்தால் எங்கோ எனாமல் போய், துணியும் விலகி, செம்பு இரும்பைத் தொடுகிறது என்று பொருள். வரவில்லையென்றால் முனையை வெட்டி, துணிக்குள் புதைத்துவிடலாம்.

ஊசி துள்ளுகிறதா

புத்தகக் கடையில் கிடைக்கும் சின்னத் திசைகாட்டியை ஓர் அட்டையில் வைத்து, மிச்சமிருக்கும் 26 கேஜ் கம்பியை அட்டையோடு சேர்த்து 30 சுற்றுச் சுற்றுங்கள். கம்பி ஊசியின் மேலே, ஊசியின் போக்கிலேயே வடக்கு-தெற்காக ஓட வேண்டும். சுற்றில் கஞ்சத்தனம் வேண்டாம். காந்த நிலநடுக்கோடு தென் தமிழகத்தை ஒட்டிப் போகிறது. அதனால் திசைகாட்டி ஊசியைப் பூமி இங்கே கிடைமட்டமாக இழுக்கும் பலம் லண்டனில் இருப்பதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. பாரடேயின் ஊசியைவிட நம் ஊசிக்குப் பிடிவாதம் அதிகம்.

‘பி’யின் முனைகளைத் திசைகாட்டிச் சுருளோடு நீளமான கம்பியால் இணைத்து, திசைகாட்டியை ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். ‘பி’ இணைப்பைக் கழற்றிவிட்டு ‘ஏ’யில் மட்டும் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள், ஊசி அசையக் கூடாது. அசைந்தால் தூரம் போதவில்லை. வளையமே ஊசியை நேராக இழுக்கிறது. இதைச் சோதிக்காமல் “துள்ளுது, துள்ளுது” என்று கூவியவர்கள் உண்டு. நானும் கூவியிருக்கிறேன்.

இப்போது ‘பி’யை இணைத்து, இரண்டு பெரிய டார்ச் பேட்டரிகளை வரிசையாக வைத்து ‘ஏ’யைத் தொடுங்கள். ஊசி வெட்டி இழுத்தாற்போல் ஒரு பக்கம் துள்ளி, ஆடித் திரும்பும். தொட்டபடியே வைத்திருந்தாலும் ஊசி அங்கே நிற்காது. எடுத்தால் எதிர்ப்பக்கம் துள்ளும். ஒரு விநாடிக்கு மேல் தொட்டு வைத்திருக்காதீர்கள். ‘ஏ’ சுருளின் மின்தடை அரை ஓமுக்கும் குறைவு. பேட்டரி சூடேறிச் செத்துப்போகும். இன்வெர்ட்டர் பேட்டரி, வண்டி பேட்டரி எதுவும் கூடாது. வீட்டு 230 வோல்ட் பிளக்கில் செருகுவதைப் பற்றி யோசிக்கவே கூடாது. இது அதற்குச் செய்த டிரான்ஸ்ஃபார்மர் அல்ல.

ஒரு பள்ளிக் கண்காட்சியில் இந்த வளையத்தை மேசையில் வைத்திருந்தேன். முதலில் வந்த பையன் தொட்டபோது ஊசி கால்வட்டம் துள்ளியது. அடுத்து வந்த ஆசிரியர் தொட்டார், சோம்பலாக அசைந்தது. மூன்றாவதாகத் தலைமையாசிரியர், தலையாட்டியதோடு சரி. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று கடைக்கு ஓடிப் புதிது வாங்கி வந்தேன். அதே சோம்பல்.

பேட்டரியில் குறையில்லை. வளையத்தில் எங்கும் வெட்டு இல்லை. காந்தத்துக்கு வெளியே போக வழி இல்லை. மின்னோட்டம் நின்ற பிறகும் இரும்பு தன் காந்தத்தில் ஒரு பெரும்பங்கை உள்ளேயே வைத்துக்கொள்கிறது. ஊசி துள்ளுவது காந்தம் இருப்பதால் அல்ல, மாறுவதால். மறுமுறை அதே திசையில் மின்னோட்டம் கொடுத்தால், முக்கால் நிறைந்த குடத்தில் ஊற்றுவதுபோல் கொஞ்சம்தான் ஏறும். எடுக்கும்போது துள்ளல் எப்போதும் குறைவாக இருப்பதும் இதனால்தான். வைத்தியம் சுலபம்: ஒவ்வொரு முறையும் பேட்டரியின் முனைகளை மாற்றித் தொடுங்கள். இரும்பு ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் புரள வேண்டியிருப்பதால், முதல் முறையைவிடப் பலமாகவே ஊசி துள்ளும். அன்று தலைமையாசிரியர் போன பிறகுதான் இது எனக்கு விளங்கியது.

ஊசி சலித்துவிட்டால் திசைகாட்டிக்குப் பதில் இரண்டு சிவப்பு எல்இடிகளை எதிரும் புதிருமாக ஒன்றோடொன்று இணைத்து, 100 ஓம் மின்தடை ஒன்றைத் தொடரில் சேர்த்து ‘பி’யில் மாட்டுங்கள். இருட்டறையில் தொடும்போது ஒன்று மின்னும், எடுக்கும்போது மற்றொன்று. ‘பி’யின் வெற்று முனைகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டாம். பேட்டரி 3 வோல்ட்தான் என்றாலும், எடுக்கிற நொடியில் எழும் அழுத்தம் சுண்டிவிடும்.

வேலை முடிந்ததும் வளையத்தில் ஒரு சீட்டு கட்டுங்கள். நெருக்கிச் சுற்றி முடித்த பிறகு எத்தனை சுற்று என்பதை வெளியிலிருந்து எண்ணுவது சுலபமல்ல. ஆறு மாதம் போனால் செய்த உங்களாலும் சொல்ல முடியாது. பாரடே அன்றைக்கே குறிப்பேட்டில் எழுதியதால்தான் நாம் இன்று அவர் அளவில் செய்ய முடிந்தது. என் சீட்டில் இருப்பது இவ்வளவே: “ஏ – 22 கேஜ், 100. பி – 26 கேஜ், 198. இரண்டும் மேலிருந்து துளைக்குள். கட்டுக்கம்பி 20 கேஜ். பேட்டரியை மாற்றி மாற்றித் தொடவும்.” இரண்டு சுற்று குறைந்ததற்குக் காரணம், போன் வந்தது.